மசகெண்ணெயும் ‘செயற்கை’ என்னும் சொல்லும்

மோட்டார் சைக்கிள் உதிரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் இன்று மசகெண்ணெய் மூன்று பெயர்களில் வைக்கப்பட்டிருப்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் பலரும் கண்டிருப்பர். சாதாரணத் தாது எண்ணெய் ஒன்று. பகுதிச் செயற்கை எண்ணெய் மற்றொன்று. முழுச் செயற்கை எண்ணெய் மூன்றாவது. மூன்றாவதன் விலை முதலாவதன் விலையைப் போல் இருமடங்காகவும் அதற்கு மேலாகவும் இருக்கும். தோட்டத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, ஜோகூர் கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் இளைஞர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் என்பது வாகனம் மட்டுமன்று; குடும்பத்தின் வருவாயே அதன் இயந்திரத்தில் அடங்கியுள்ளது. ஆகவே அதற்கு ஊற்ற வேண்டிய எண்ணெய் எது, கூடுதல் விலைக்கு ஏற்ற பயன் உண்டா என்னும் வினா சிறிய வினாவன்று. செயற்கை எண்ணெய் என்றால் என்ன, அது எங்ஙனம் உண்டாகிறது, எங்கே பயன்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மசகு என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. மாட்டுவண்டியின் அச்சுக்குத் தடவும் மையே மசகு எனப்பட்டது. வைக்கோலைக் கருக்கிப் பொடியாக்கி, ஆமணக்கெண்ணெயில் குழைத்து, அச்சும் குடமும் உரசும் இடத்தில் நம் முன்னோர் தடவினர். சிங்கப்பூரில் இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் தேக்கா வட்டாரத்திலும் இம்மசகுக்கு ஒரு காலத்தில் நிரம்ப வேலை இருந்திருக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதி கால்நடை வணிகத்துக்குப் பெயர் பெற்றது. எருமையைக் குறிக்கும் பெயரில் அங்கே பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரண்டு தெருக்கள் இன்றும் உள்ளன. நகருக்குள் தண்ணீரையும் சரக்கையும் மாட்டுவண்டிகளே இழுத்தன. கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்பதே பொருள். அவ்வண்டிகளை ஓட்டியவர்களுள் நம்மவர் பலர். மோட்டார் வந்தபின் வண்டி போயிற்று. ஆமணக்கு மட்டும் போகவில்லை. அது வேறு வேடத்தில் விமானத்தில் ஏறிய கதையைப் பின்னர்க் காண்போம்.

எண்ணெயின் உடலும் மருந்தும்

டப்பாவில் அடைக்கப்பட்ட மசகெண்ணெய் ஒரே பொருளன்று. அதன் பெரும்பகுதி, அதாவது பத்தில் ஏழு முதல் ஒன்பது பங்கு வரை, அடிப்படை எண்ணெய் ஆகும். எஞ்சியது பல இரசாயனச் சேர்மானங்கள்: அழுக்கைக் கரைத்து மிதக்கவிடுவது ஒன்று, துருவைத் தடுப்பது ஒன்று, உலோகத்தின்மேல் காப்புப் படலம் அமைப்பது ஒன்று, நுரையை அடக்குவது ஒன்று. அடிப்படை எண்ணெயை உடல் என்றும், சேர்மானங்களை அவ்வுடலுக்குத் தரும் மருந்து என்றும் கொள்ளலாம். ‘செயற்கை’ என்னும் சொல் டப்பாவில் காணப்படுமாயின் அது உடலைப் பற்றிய பேச்சேயன்றி மருந்தைப் பற்றியதன்று. நல்ல உடலுடன் குறைந்த மருந்து கலந்த எண்ணெயும் உண்டு. எளிய உடலுடன் நிறைந்த மருந்து கலந்த எண்ணெயும் உண்டு.

தாது எண்ணெயின் உடல் கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படுகிறது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் முதலில் பிரிந்துவிடும். அடியில் தங்கும் கனமான பகுதியைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் மீண்டும் வடித்து, வேண்டாத பகுதிகளைக் கரைப்பான் கொண்டு நீக்கி, மெழுகையும் அகற்றினால் அடிப்படை எண்ணெய் கிடைக்கும். சீவி எடுத்த பாலை வடிகட்டி, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகைக்கூண்டில் உலர்த்துவது போன்ற ஒரு சுத்திகரிப்பே இதுவும். எவ்வளவு வடிகட்டினாலும் மரம் தந்ததுதான் பாலில் இருக்கும். அதுபோலவே நிலத்தடியிலிருந்து வந்த எண்ணெயில் நெடியதும் குறுகியதும் கிளைத்ததும் வளையமானதுமாகப் பல்வேறு மூலக்கூறுகள் கலந்தே இருக்கும். அவற்றுள் சில விரைவில் ஆவியாகும். சில வெப்பத்தில் பிராணவாயுவுடன் சேர்ந்து கெட்டுக் கசடாகும். சில குளிரில் உறையும்.

சிங்கப்பூரின் பங்கு

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றும் இல்லை. எனினும் எண்ணெயால் அந்நாடு அடைந்த வளம் பெரிது. 1892ஆம் ஆண்டில் மியூரெக்ஸ் என்னும் கப்பல், ருசிய மண்ணெண்ணெயைத் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து கீழ்த்திசைக்கு வந்தது. அதற்கு முன் தகர டப்பாக்களில் அடைக்கப்பட்டு வந்த எண்ணெய், அன்று முதல் கப்பலின் வயிற்றிலேயே வரத் தொடங்கிற்று. அதனைச் சேமிக்கச் சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள புக்கோம் தீவில் தொட்டிகள் எழுந்தன. அத்தீவிலேயே 1961ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனம் சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கியது. அவ்வாலை 2025ஆம் ஆண்டில் வேறு உரிமையாளரிடம் சென்றது. 1966ஆம் ஆண்டில் ஜூரோங்கில் மோபில் நிறுவனத்தின் ஆலையும், பின்னர் ஆயர் சாவான் தீவில் எஸ்ஸோ நிறுவனத்தின் ஆலையும் எழுந்தன. பிற்காலத்தில் ஏழு தீவுகளுக்கிடையே இருந்த கடலை மண்ணிட்டு நிரப்பி, அவற்றை ஒன்றாக்கி, ஜூரோங் தீவு எனப் பெயரிட்டு, 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திறந்துவைத்தனர். அனுமதிச் சீட்டு இன்றி எவரும் அத்தீவில் நுழைதல் இயலாது.

எக்ஸான்மோபில் நிறுவனம் ஜூரோங் வட்டாரத்தில் அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. சுத்திகரிப்பின் முடிவில் எஞ்சும் கசடு போன்ற கனத்த எண்ணெயை உடைத்து, உயர்தர அடிப்படை எண்ணெயாக மாற்றும் புதிய பகுதி ஒன்றும் 2025ஆம் ஆண்டில் அங்கே இயங்கத் தொடங்கியது. அதே தீவில் மசகெண்ணெய்க்கு வேண்டிய சேர்மானங்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் உள்ளன. மேற்கே துவாஸ் பகுதியில் ஷெல், டோட்டல் முதலிய நிறுவனங்கள் கலவை ஆலைகளை அமைத்துள்ளன. அடிப்படை எண்ணெயையும் சேர்மானங்களையும் உரிய அளவில் கலந்து, டப்பாவில் அடைத்து, ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் அனுப்புதல் அவற்றின் வேலையாகும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுள் பலர், வார நாள்களில் ஜூரோங், துவாஸ் பகுதிகளின் ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்களே.

ரப்பர்ச் சங்கிலியும் எண்ணெய்ச் சங்கிலியும்

செயற்கை அடிப்படை எண்ணெய் என்பது வடித்தெடுத்ததன்று. சிறு மூலக்கூறுகளைக் கோத்துக் கட்டியெழுப்பியது. ரப்பர்த் தொழிலாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. பால்மரம் தன் பட்டைக்குள் செய்வதும் இதுவே. ஐசோப்பிரீன் என்னும் சிறு கண்ணிகளை ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து மரம் ரப்பர்ச் சங்கிலியை உண்டாக்குகிறது. சங்கிலி நெடியதாகையால் ரப்பர் திண்மமாகவும் இழுபடும் தன்மையுடையதாகவும் இருக்கிறது. எண்ணெய்க்கு அத்துணை நீளம் வேண்டியதில்லை. பத்துக் கரி அணுக்களைக் கொண்ட டெசீன் என்னும் கண்ணிகளை ஓர் ஊக்கியின் துணையால் மூன்று அல்லது நான்காகக் கோத்து, பின்னர் ஹைட்ரஜன் வாயு ஏற்றி நிலைப்படுத்தினால், தெளிந்த நீர்போன்ற எண்ணெய் கிடைக்கும். இதற்குப் பாலி-ஆல்பா-ஓலிஃபின் என்று பெயர். நீளம் கருதிச் சுருக்கமாக பி.ஏ.ஓ. என்பர்.

பி.ஏ.ஓ. எண்ணெயில் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே அளவினவாக இருக்கும். மெழுகு இல்லை, கந்தகம் இல்லை. பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகை செல்சியஸ் குளிரிலும் அது ஓடும். வெப்பத்தில் எளிதில் ஆவியாவதில்லை. சூடேறும்போது தாது எண்ணெய் அளவுக்கு நீர்த்துப் போவதும் இல்லை. எண்ணெய் சூட்டினால் நீர்த்துப்போகும் அளவைக் குறிக்க, டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929ஆம் ஆண்டில் ஒரு குறியெண்ணை வகுத்தனர். பென்சில்வேனியாவின் நல்ல எண்ணெய்க்கு 100 என்றும், மெக்சிகோ வளைகுடாப் பகுதியின் எண்ணெய்க்குப் பூச்சியம் என்றும் அவர்கள் கொண்டனர். எண் உயர உயர, எண்ணெய் சூட்டிலும் தன் பாகுத்தன்மையை விடாது காக்கும். பி.ஏ.ஓ. எண்ணெயின் குறியெண் பொதுவாக 120க்கு மேல் இருக்கும்.

இக்குறியெண், கந்தகத்தின் அளவு முதலியவற்றைக் கொண்டு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்துள்ளது. முதல் மூன்று பிரிவுகளும் கச்சா எண்ணெய் வழி வந்தவை. நான்காம் பிரிவு பி.ஏ.ஓ. மட்டும். எஸ்டர் முதலிய ஏனையவெல்லாம் ஐந்தாம் பிரிவில் அடங்கும். முதல் மூன்றனுள் மூன்றாம் பிரிவே சிக்கலுக்கு இடமானது. அதனை உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தியமைத்துப் பெறுகின்றனர். அதன் குறியெண்ணும் 120க்குக் குறைவதில்லை. பிறப்பால் தாது எண்ணெய்; குணத்தால் செயற்கை எண்ணெய்க்கு அண்டை வீடு. நம் நாட்டில் மலாக்காவில் பெட்ரோனாஸ் நிறுவனம் தயாரிப்பது இப்பிரிவு எண்ணெயே.

இதனைச் ‘செயற்கை’ என்று அழைக்கலாமா? இவ்வழக்கு அமெரிக்காவில் இரு பெரும் நிறுவனங்களுக்கிடையே மூண்டது. காஸ்ட்ரோல் நிறுவனம் தன் செயற்கை எண்ணெயில் பி.ஏ.ஓ.வுக்குப் பதிலாக மூன்றாம் பிரிவு எண்ணெயைப் பயன்படுத்திவிட்டு, அதே பெயரிலேயே விற்கிறது என மோபில் நிறுவனம் முறையிட்டது. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999ஆம் ஆண்டில் காஸ்ட்ரோல் பக்கமே தீர்ப்பளித்தது. அன்று முதல் ‘முழுச் செயற்கை’ என எழுதப்பட்ட டப்பாக்களுள் பலவற்றில் இருப்பது மூன்றாம் பிரிவு எண்ணெயே. இதில் ஏமாற்று இருப்பதாக நாம் கருதவில்லை. அவ்வெண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் அச்சொல்லுக்கென்றே இருமடங்கு விலை தருவோர், சொல்லின் எல்லையை அறிந்து தருதல் வேண்டும். ‘பகுதிச் செயற்கை’ என்பதோ இன்னும் நெகிழ்வானது. எவ்வளவு பகுதி என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார்.

ஆமணக்கு விமானம் ஏறிய கதை

முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் இயந்திரங்களுக்கு ஆமணக்கெண்ணெயே மசகாக ஊற்றப்பட்டது. பெட்ரோலில் அது எளிதில் கரையாது, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். காஸ்ட்ரோல் என்னும் வணிகப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909ஆம் ஆண்டில் உருவானதுதான். ஆயினும் ஆமணக்கெண்ணெய் சூட்டில் பிசின்போல் இறுகிவிடும் குறையுடையது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போதிய பெட்ரோலியம் இன்றித் தவித்த ஜெர்மனி, அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைத்து எஸ்டர் என்னும் செயற்கை எண்ணெய்களை ஆயிரக்கணக்கில் செய்து சோதித்தது. போருக்குப் பின் ஜெட் விமானங்கள் பெருகின. ஜெட் இயந்திரத்தின் தாங்கிகள் ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தைத் தாங்க வேண்டும். வானில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகை. தாது எண்ணெய் இவ்விரண்டிலும் தோற்றது. எஸ்டர் வென்றது. அந்நாளைய ஜெட் எண்ணெய்களுக்கு வேண்டிய செபாசிக் அமிலம் ஆமணக்கெண்ணெயைப் பிளந்தே பெறப்பட்டது. வண்டி அச்சில் இருந்த ஆமணக்கு இவ்வாறு விமானத்தில் ஏறிற்று. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி ஏறும் ஜெட் விமானங்கள் அனைத்தின் இயந்திரங்களிலும் இன்று எஸ்டர் எண்ணெயே ஓடுகிறது. அவற்றைச் செய்யப் பயன்படும் கொழுப்பமிலங்களுள் சில தேங்காய் எண்ணெயிலிருந்தும் செம்பனைப் பருப்பு எண்ணெயிலிருந்தும் கிடைப்பவை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் பணிபுரிவோர் இதனை நினைவிற்கொள்ளலாம். அவர்கள் அறுத்துத் தள்ளும் குலையின் ஒரு சிறு துளி, பாசிர் கூடாங் போன்ற இடங்களின் ஆலைகள் வழியாக எங்கெங்கோ பயணம் செய்கிறது.

எஸ்டரின் மற்றோர் இருப்பிடம் குளிர்சாதனப் பெட்டியும் குளிரூட்டியும் ஆகும். ஓசோன் படலத்தைக் காக்க 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை ஏற்பட்டபின், பழைய குளிர்வாயுக்கள் விலக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த வாயுக்களோடு தாது எண்ணெய் கலக்காது, எஸ்டர் கலக்கும். ஆகவே குளிரூட்டிகள் நிறைந்த சிங்கப்பூரின் மாடிக் கட்டடங்கள் பலவற்றில் இவ்வெண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. எஸ்டருக்கு ஒரு குறை உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குளிர்சாதனப் பழுது பார்ப்போர் இவ்வெண்ணெய் டப்பாவைத் திறந்து வைக்கலாகாது என்பது அதனால்தான்.

எண்ணெயும் ரப்பரும்

இங்கே நம் வாசகர்க்கு மிகவும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. இயற்கை ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. தாது எண்ணெயில் ஊறிய இயற்கை ரப்பர் உப்பிப் பருத்து, வலுவிழந்து, கைபட்டால் பிய்ந்துவிடும். ஆதலால்தான் இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல்கள் பால்மரத்து ரப்பரால் செய்யப்படுவதில்லை. நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. சிலர் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, எண்ணெய் கசியும் இடத்தில் வைத்து இறுக்குவதுண்டு. சில நாள்களுக்கு அது நிற்கும். பின்னர் உப்பிப் பிதுங்கி, முன்னிலும் மோசமாக ஒழுகும்.

செயற்கை எண்ணெய்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. பி.ஏ.ஓ. எண்ணெய் சீலைச் சற்றே சுருங்கவும் இறுகவும் செய்யும். எஸ்டரோ அதனை உப்பச் செய்யும். அதனால் எண்ணெய் கலப்போர் பி.ஏ.ஓ.வுடன் சிறிது எஸ்டரைச் சேர்த்து இரண்டையும் சமன் செய்கின்றனர். பல ஆண்டுகள் தாது எண்ணெயில் ஓடிய பழைய இயந்திரத்துக்குத் திடீரெனச் செயற்கை எண்ணெய் ஊற்றியதும் ஒழுகத் தொடங்கிற்று எனச் சிலர் குறை கூறுவதுண்டு. அங்கே சீல் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதுவரை கசடே அடைப்பாக இருந்திருக்கும்.

எண்ணெய்க்குள்ளேயே ரப்பரின் உறவினர் இருப்பதும் பலர் அறியாதது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகாதிருக்க, நெடிய சங்கிலி மூலக்கூறுகள் சிலவற்றை அதில் கரைக்கின்றனர். அவற்றுள் ஒருவகை, ஐசோப்பிரீன் கண்ணிகளைக் கோத்து ஹைட்ரஜன் ஏற்றியது. அதாவது பால்மரத்து ரப்பரின் நெருங்கிய உறவு. ரப்பர்ப் பொருள்கள் செய்யும் ஆலையில் உருளைகளுக்கிடையே பலமுறை அரைபட்ட ரப்பர் சங்கிலி அறுந்து மென்மையாவது போல, பற்சக்கரங்களுக்கிடையே அரைபடும்போது எண்ணெயில் கரைந்த இச்சங்கிலிகளும் அறுபடும். எண்ணெய் நீர்த்துவிடும். கார்களில் இயந்திர எண்ணெய் வேறு, பற்சக்கரப் பெட்டி எண்ணெய் வேறு. நம்மவர் ஓட்டும் சிறு மோட்டார் சைக்கிள்களிலோ இயந்திரம், கிளட்ச், பற்சக்கரம் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். இயல்பாகவே உயர்ந்த குறியெண் உடைய செயற்கை எண்ணெய்க்கு இச்சங்கிலிச் சேர்மானம் குறைவாகவே தேவைப்படும். ஆகவே அறுபடுவதற்கும் குறைவாகவே இருக்கும். மோட்டார் சைக்கிளில் செயற்கை எண்ணெய்க்கு உண்மையான பயன் உண்டென்றால் இதுவே முதன்மையானது என்பது நம் கருத்து.

நமக்கு வேண்டியது எது?

விளம்பரங்கள் கூறும் பயன்கள் எல்லாம் நம் நாட்டுக்குப் பொருந்துவனவல்ல. டப்பாவில் 10டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதைக் காணலாம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 10டபிள்யூ என்றால், பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகைக் குளிரில் இயந்திரத்தை முடுக்கிச் சோதித்ததற்கு ஒப்பான அளவீடு. 40 என்பது எண்ணெய் 100 பாகைக்குச் சூடேறியபோது உள்ள பாகுத்தன்மையைக் காட்டுவது. கனடாவிலோ ருசியாவிலோ முன்னெண் மிகுந்த பயனுடையது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1934ஆம் ஆண்டு ஜனவரியில் 19.4 பாகை! ஆதலால் உறைபனியிலும் ஓடும் என்னும் பெருமைக்காக நாம் பணம் தர வேண்டியதில்லை. நாம் நோக்க வேண்டியது பின்னெண்ணும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலுமே. எண்ணெயின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் அது கெடும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுக் கணக்கு. நண்பகல் வெயிலில், கடற்பாலத்து நெரிசலில், காற்றோட்டம் இன்றி நின்று நகரும் மோட்டார் சைக்கிளுக்கு இக்கணக்கு மிகவும் பொருந்தும்.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. கார்களுக்கெனச் செய்த சில எண்ணெய்களில் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு, உராய்வை மிகவும் குறைக்கும் சேர்மானம் கலக்கப்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் தகடுகளோ எண்ணெயில் நனைந்தவாறே ஒன்றையொன்று பற்ற வேண்டியவை. பற்றுதற்கு உராய்வு தேவை. விலை உயர்ந்த கார் எண்ணெயை ஆசையோடு வாங்கி ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கைப்பிடியைத் திருகினால் இயந்திரம் அலறும், வண்டி நகராது. லாரிகளுக்கிடையே முந்திச் செல்லும் நேரத்தில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கென ஜப்பானியர் 1998ஆம் ஆண்டில் ஒரு தரக்குறியை வகுத்தனர். டப்பாவின் பின்புறத்தில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்குமாயின் அது நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. ஜாசோ எம்.பி. என்பது கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. முன்புறத்தில் பெரிய எழுத்தில் உள்ள ‘செயற்கை’ என்னும் சொல்லைவிடப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள இக்குறியே முதலில் பார்க்கத்தக்கது.

நாள்தோறும் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்குச் செயற்கை எண்ணெய் ஏற்றதே. தோட்டத்துக்குள் வெட்டுக்காட்டுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் பழைய வண்டிக்கு, உரிய குறியுடைய தாது எண்ணெயை, வண்டியோடு தந்த கையேட்டில் கண்டபடி காலம் தவறாமல் மாற்றினால் போதும். விலை மிகுந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, ‘செயற்கைதானே, தாங்கும்’ என்று மாற்றாமல் விடுவதே மிகப் பெரிய நட்டம். எரிபொருள் எரிந்து உண்டாகும் கரியும் அமிலமும் எந்த எண்ணெயையும் விட்டுவைப்பதில்லை. அவற்றைத் தாங்கிக்கொள்ளும் மருந்து தீர்ந்தபின் உடல் எவ்வளவு நல்லதாயிருந்தும் பயனில்லை.

ஒருவகை எண்ணெயோடு மற்றொன்றைக் கலக்கலாமா எனக் கேட்போர் உளர். தாது எண்ணெயும் பி.ஏ.ஓ.வும் எஸ்டரும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அவசரத்துக்குச் சிறிது ஊற்றினால் கேடில்லை. ஆனால் ஆலைகளில் சிலவகைப் பற்சக்கரப் பெட்டிகளிலும் காற்றழுத்த இயந்திரங்களிலும் பயன்படும் பாலிகிளைக்கால் என்னும் செயற்கை எண்ணெய் தாது எண்ணெயோடு பொதுவாகக் கலக்காது; கசடாகி வழியை அடைத்துவிடும். ஆலையில் பணிபுரிவோர் இயந்திரத்தில் ஒட்டியுள்ள எண்ணெய்ப் பெயரைப் படித்த பின்னரே டப்பாவைத் திறத்தல் வேண்டும்.

பழைய எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வடித்தெடுத்த கறுத்த எண்ணெயை மரச்சட்டத்துக்குப் பூசுவோரும், மாட்டின் புண்ணுக்குத் தடவுவோரும், உருளை இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கு ஊற்றுவோரும் உளர். பயன்படுத்திய இயந்திர எண்ணெய் நெடுநாள் தோலில் பட்டால் தோற்புற்று உண்டாக இடமுண்டு. செயற்கை எண்ணெயாயிருந்தாலும், பயன்படுத்தியபின் அதில் சேரும் நச்சுப் பொருள்கள் இயந்திரத்திலிருந்து வருபவையே. தேய்ந்த தாங்கிகளின் செம்புத் துகளும் அதில் மிதக்கும். செம்பு இயற்கை ரப்பருக்குப் பகை. மிகச் சிறிய அளவில் கலந்தாலும் ரப்பர் பிசுபிசுத்துக் கெடும். உருளைக்கு ஊற்றிய கறுத்த எண்ணெய் ரப்பர்த் தாளில் சொட்டினால், உழைத்து எடுத்த பாலுக்கே அது கேடாகும்.

மலேசியாவில் பயன்படுத்திய மசகெண்ணெய், 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவுகள் விதிமுறைகளின்கீழ் எஸ்.டபிள்யூ.305 என்னும் எண்ணுடன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பட்டறைகளும் ஆலைகளும் அதனைக் கால்வாயில் ஊற்றுதல் குற்றம்; உரிமம் பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். வீட்டு வாசலில் தாமே எண்ணெய் மாற்றுவோர், அதனைப் பழைய டப்பாவிலேயே நிரப்பி மூடி, எண்ணெய் சேகரிக்கும் மோட்டார் பட்டறையில் கொடுத்துவிடலாம். அவ்வாறு சேரும் எண்ணெயிலிருந்து நீரையும் கசடையும் பழைய சேர்மானங்களையும் நீக்கி, மீண்டும் அடிப்படை எண்ணெயாக வடித்தெடுக்கும் ஆலைகள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன.